சோறு தின்னும் நாய் யாருடைய நாய்?

சில திங்களுக்கு முன்னர், நமது சரகத்தைச் சேர்ந்த நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். வெயில் ஏறுமுன் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்துக்கொண்டிருந்த நேரம் அது. எங்கிருந்தோ இரண்டு நாய்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்து, நீட்டியிருந்த பாவினுள் புகுந்து ஓடின. இழைகள் பல அறுந்தன. அவற்றைத் தேடிப் பிணைத்துச் சீர் செய்வதற்குள் அக் குடும்பத்தாருக்கு ஒரு பொழுது வேலை பாழாயிற்று. பாவுக்கு உரியவர், எதிர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவரிடம் சென்று நியாயம் கேட்டார். பெரியவர் சிறிதும் தயங்காமல், "அது எங்க வீட்டிலே சோறு திங்கும், தம்பி. ஆனா அது எங்க நாய் இல்லே" என்றார்.

அவர் வாய் மூடுமுன், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அவருடைய பேத்தி வீட்டினுள்ளிருந்து வந்து, "மணி!" என்று கூப்பிட்டாள். நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிச்சென்று அவள் காலடியில் படுத்துக்கொண்டது. தெருவில் கூடியிருந்தோர் சிரித்தனர், நாமும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபின், அது சிரித்து மறந்துவிடத்தக்க செய்தியன்று என்று நமக்குத் தோன்றிற்று.

கூட்டுறவுத் துறையில் பணியாற்றுவோர்க்கு ஐந்தொகையின் இரு பக்கங்களையும் ஒருங்கே நோக்குவது பழக்கம். ஒரு சங்கம் தனது சொத்துக்களை மட்டும் எழுதிவிட்டுப் பொறுப்புக்களை எழுதாமல் விடுமாயின், அந்த ஐந்தொகையில் நாம் கையொப்பமிட மாட்டோம். நம் ஊர்களில் நாய் வளர்ப்போரிற் பலர் எழுதும் கணக்கு இத்தகையதே. இரவிற் காவல் காக்கும்போது அது நம் வீட்டு நாய். பிள்ளைகள் கொஞ்சி விளையாடும்போது நம் வீட்டு நாய். ஊசி போடவேண்டிய நாளிலும், குட்டிகள் பெருகிய நாளிலும், பிறர் பாவை அறுத்த நாளிலும், பிறர் பிள்ளையைக் கடித்த நாளிலும் மட்டும் அது தெரு நாயாகிவிடுகிறது. வரவு நம்முடையது, பற்று ஊராருடையது என்னும் இக் கணக்கு கூட்டுறவுக்கு நேர் மாறானது.

இந்தக் கணக்கைத் திருத்தும் வேலையை எங்கே தொடங்குவது? பள்ளிப் பிள்ளைகளிடத்தில் தொடங்கவேண்டும் என்பதே நமது கருத்து. பெரியவர் மறுத்த உரிமையைப் பேத்தி ஒரே சொல்லில் ஒப்புக்கொண்டாள். பிள்ளைகள் நாயைத் தம்முடையதென்று ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டனர். உடைமையோடு சேர்ந்து வரும் கடமை இன்னதென்று சொல்லிக்கொடுப்பதுதான் பாக்கி.

கரிசற்காட்டு மக்களாகிய நமக்கு நாயைப் பற்றிப் புதிதாகச் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் வினவலாம். உண்மையே. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை எழுந்த கதையே நாயோடு தொடர்புடையதன்றோ! வேட்டையில் நாய்களுக்கு அஞ்சி ஓடிய முயலொன்று ஓரிடத்திற்கு வந்ததும் திரும்பி நின்று நாய்களை விரட்டிற்று என்றும், அம் மண்ணின் வீரத்தைக் கண்டு அங்கே கோட்டை கட்டினர் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறோம். கோட்டை தகர்ந்து போயிற்று. 1974 ஆம் ஆண்டில் அரசாங்கம் நினைவுக் கோட்டை எழுப்பிற்று. முயலின் கதை மட்டும் இன்றும் பாட்டிமார் வாயில் வாழ்கிறது. மெலிந்த உடலும் நீண்ட காலும் கொண்ட கன்னி நாயும் சிப்பிப்பாறை நாயும் இந்த வறண்ட பூமியிலேயே பேர் பெற்றவை. அண்டையிலுள்ள இராஜபாளையத்தின் வெள்ளை நாய்க்கு 2005 ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுப் பெருமை செய்தது.

இன்னும் தொன்மையான சான்றும் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. ஆநிரை காத்து மாண்ட வீரனுக்கு எடுத்த அக் கல்லில், அவனுடைய நாயின் உருவமும் இடம் பெற்றுள்ளது. அந் நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டு கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டிலேயே நாய்க்குப் பெயரிட்டு, அப் பெயரைக் கல்லிலும் பொறித்த மரபினர் நாம். பெயரிட்டவன் தனது நாய் அல்லவென்று சொல்ல முடியாது. கோவிவனுக்கு உரியவன் இருந்தான். இன்று நம் தெருக்களில் திரியும் பல நாய்களுக்கு உரியவரில்லை. இதுவே அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு.

நாயின் தொழிலும் மாறிவிட்டது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின்னர் முயல் வேட்டை குற்றமாகும். எனவே வேட்டைக்கென்று பழக்கிய இனங்கள் இன்று ஆட்டுக் கிடைக்கும், களத்துக்கும், மக்காச்சோளக் காட்டில் பன்றி விரட்டுவதற்குமே காவலாக நிற்கின்றன. இவற்றின் ஆண் குட்டிக்கு விலையுண்டு. கேட்டு வருவோரும் உண்டு. பெண் குட்டியைக் கேட்பாரில்லை. சாக்கிலே கட்டி, ஓடைக் கரையிலோ, பேருந்து நிறுத்தத்திலோ, சந்தை மேட்டிலோ விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்துவிடுகின்றனர். அவற்றிற் பல மடிகின்றன. பிழைத்தவை தெரு நாய்களாகி, ஆண்டுக்கு இரு முறைகூடக் குட்டிகள் போடுகின்றன.

தெரு நாய் வானத்திலிருந்து விழுந்ததன்று. அதன் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால், அதுவோ, அதன் தாயோ, பாட்டியோ ஏதேனுமொரு வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டதாகவே இருக்கும். திருப்பூர் மாவட்டம் காங்கேயம் பகுதியில், நாய்க் கூட்டங்கள் ஆடுகளைக் கடித்துக் கொன்றதனால் விவசாயிகள் அண்மை ஆண்டுகளில் போராட்டம் நடத்த நேர்ந்தது. 2025 ஆம் ஆண்டில் தெரு நாய்ப் பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை சென்று நாடெங்கும் பெரும் வாதமாயிற்று. நாய்களை அகற்றுவதா, கருத்தடை செய்து அங்கேயே விடுவதா என்று இரு சாராரும் வாதிட்டனர். ஆனால் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, தேங்கிய நீரை எங்கே இறைப்பது என்று சண்டையிடுவதில் பயனில்லை. அந்தக் குழாய் நம் வீடுகளில் இருக்கிறது. அவ்வாண்டு நவம்பர் 7 ஆம் நாள் பிறப்பித்த உத்தரவில், விலங்குகளிடத்தில் நடந்துகொள்ளும் முறையையும் கடிபட்டால் செய்யவேண்டிய முதலுதவியையும் மாணவர்களுக்குக் கற்பிக்குமாறு நீதிமன்றமே பணித்தது கருதத்தக்கது.

இந்தப் பாடத்தில் பிள்ளைகளின் உயிரே அடங்கியிருக்கிறது. வெறிநாய்க்கடி நோயால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் மாள்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. மனிதருக்கு வரும் இந் நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாயினால் வருவது. வெறிநோய் ஐயமுள்ள விலங்குகளால் கடிபடுவோரில் பத்துக்கு நால்வர் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர். நோயின் குறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். குறிகள் தோன்றுமுன் ஊசி போட்டுக்கொண்டாலோ ஏறக்குறைய அனைவரும் பிழைக்கலாம். இவ்வளவு கொடிய நோய்க்கு இவ்வளவு நிச்சயமான தடுப்பு இருக்கும்போது, ஒரு பிள்ளை மடிவது விதியன்று, நமது குற்றம்.

ஒரு சிற்றூரில் நாம் கேட்டறிந்த செய்தியைச் சொல்லுகிறோம். எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை வீட்டுக் குட்டி நாய் கையில் கீறிவிட்டது. சொன்னால் தாய் அடிப்பாள், குட்டியையும் தகப்பனார் கொண்டுபோய் விட்டுவிடுவார் என்று அஞ்சி, அவன் காயத்தைச் சட்டைக் கையினுள் மறைத்துக்கொண்டான். நான்காம் நாள் குட்டி வாயில் நுரை தள்ளி இறந்தது. அன்றைக்கும் அவன் வாய் திறக்கவில்லை. வகுப்பில் எழுதும்போது கையைக் கண்ட ஆசிரியை விசாரித்து, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்றார். பையன் நலமாக இருக்கிறான். அந்த ஆசிரியையின் கண்ணில் காயம் படாதிருந்தால் என்னவாயிருக்கும்? அவனுக்கு நாயிடத்தில் அன்பு இருந்தது. அறிவைத்தான் நாம் கொடுக்கவில்லை.

இந் நோய்க்குத் தடுப்பு மருந்து கண்ட வரலாறும் ஒரு சிறுவனிடத்திலேதான் தொடங்குகிறது. 1885 ஆம் ஆண்டு ஜூலை 6 ஆம் நாள், வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் தமது மருந்தை முதன்முதலாகச் செலுத்தச் செய்தார், சிறுவன் பிழைத்தான். 1902 ஆம் ஆண்டில், லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் ஆங்கிலேயப் பெண், இந் நோய்க்கு இரையாகி மாண்டாள். அத் துயரத்தின் பின்னரே 1907 ஆம் ஆண்டில் குன்னூரில் பாஸ்டர் நிலையம் அமைந்தது. அன்று காப்பாற்ற இயலாத உயிரை, இன்று நமது ஆரம்ப சுகாதார நிலையமே காக்க வல்லது. கொப்பூழைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சம் இன்னும் பலரைத் தடுக்கிறது. அம் மருந்தின் தயாரிப்பு 2004 ஆம் ஆண்டின் இறுதியிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது தோளில் சில ஊசிகளே போடுகின்றனர். அரசு மருத்துவமனைகளில் அதற்குக் கட்டணமில்லை.

மாணவர்களுக்கு என்ன கற்பிக்கவேண்டும்? அது பெரிய சாஸ்திரமன்று. சிறு வகுப்பினருக்கு ஐந்து செய்திகள் போதும். தின்னும் நாயையும், தூங்கும் நாயையும், குட்டியோடு இருக்கும் நாயையும் தொடலாகாது. அறியாத நாய் எதிர்ப்பட்டால் ஓடாமல், கூச்சலிடாமல், மரம்போல் அசையாது நிற்கவேண்டும். கல்லெறியவும் வாலை இழுக்கவும் கூடாது. கடித்தாலும், கீறினாலும், புண்ணின்மேல் நக்கினாலும், அது வீட்டு நாயே ஆனாலும், ஊசி போட்ட நாயே ஆனாலும், அன்றைக்கே பெரியவரிடம் சொல்லவேண்டும்; சொல்லும் பிள்ளையைப் பெரியவர் அடிக்கலாகாது. காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி, காப்பிப்பொடி எதுவும் அப்பலாகாது.

மேல் வகுப்பினருக்கு வளர்ப்பு முறையைச் சொல்லவேண்டும். குட்டிக்கு மூன்று மாதமானதும் வெறிநோய்த் தடுப்பூசி. பின்னர் கால்நடை மருத்துவர் சொல்லும் தவணையில் மறு ஊசி. அதன்பின் ஆண்டுதோறும் தவறாமல். குடற்புழுவுக்கு மருந்து. நாய் மனிதரைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதன்று. நாவை நீட்டி இளைத்தே தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஆகவே சித்திரை வெயிலில் நிழலும் ஒரு சட்டித் தண்ணீரும் அதற்கு உணவினும் முக்கியம். காட்டிலிருந்து திரும்பியதும் காலிற் பட்ட கருவேல முள்ளையும், காதோரத்து உண்ணியையும் பார்க்கவேண்டும். வெங்காயம் அதற்கு நஞ்சு; சமைத்த கோழி எலும்பு தொண்டையிலும் குடலிலும் குத்தும். சினைக் காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம். குட்டிகளை வளர்க்கவோ தக்க இடத்தில் கொடுக்கவோ வழியில்லையெனில், முன்னதாகவே கால்நடை மருத்துவமனையில் கருத்தடை செய்துவிடுவதே அறிவுடைமை. இவற்றை விளக்குவதற்கு அருகிலுள்ள கால்நடை மருத்துவரை அழைக்கலாம். 2012 ஆம் ஆண்டு முதல் திருநெல்வேலியிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

சட்டம் என்ன சொல்லுகிறது என்பதையும் மாணவர் அறியவேண்டும். 1960 ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தின்படி, வளர்க்கும் பிராணிக்குப் போதிய உணவும் நீரும் இருப்பிடமும் கொடாமை குற்றம். எப்போதும் கட்டிவைத்த நாயை நடமாட விடாமை குற்றம். தக்க காரணமின்றிப் பிராணியைக் கைவிடுவதும் குற்றம். ஓடைக் கரையில் அவிழ்த்துவிடும் சாக்கு மூட்டையைப் பற்றி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டம் பேசிக்கொண்டுதான் இருக்கிறது, நாம்தான் கேட்கவில்லை.

இதற்கு மறுப்புக்கள் எழும் என்பதை அறிவோம். "பிள்ளைகள் கணக்கும் தமிழும் படிக்கவே நேரம் போதவில்லை, நாய் வளர்ப்பும் ஒரு பாடமா?" என்பர். ஆண்டில் இரண்டு மணி நேரம் இதற்குப் போதும். "நூல் விலை ஏற்றத்தில் நெசவாளி தன் வீட்டுப் பாலையே குறைத்துக்கொண்டான், நாய்க்கு ஊசி எங்கே போடுவான்?" என்பது இதனினும் கனமான மறுப்பு. அதனை நாம் அலட்சியமாகத் தள்ளவில்லை. ஆனால் கடிபட்ட ஒருவர் ஊசிக்காக நான்கைந்து முறை மருத்துவமனைக்கு அலையும்போது, ஒவ்வொரு முறையும் ஒரு நாள் தறி நிற்கிறது. பிள்ளையை அழைத்துச் செல்லும் தாயின் நூற்பும் நிற்கிறது. நாய்க்கு ஆண்டுக்கு ஓர் ஊசி போடுவதே சிக்கனம். அதற்கும் இயலாதவர் நாய் வளர்க்காதிருப்பது அவமானமன்று. வளர்க்க இயலாது என்று அறிந்து வேண்டாமென்று சொல்வதும் பொறுப்பேயாகும். இதனையும் பிள்ளைக்குச் சொல்லித்தரவேண்டும்.

இங்கேதான் சங்கத்தின் கடமை வருகிறது. 1844 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தில் 28 பேர் கூடிக் கூட்டுறவுக் கடை திறந்ததை அங்கத்தினர் அறிவர். அவர்களிற் பலர் நெசவாளர். அச் சங்கத்தார் பின்னர்த் தமது மிச்சத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென்று ஒதுக்கினர். கடையின் மேல் வாசகசாலை அமைத்தனர். சரக்கு விற்பதோடு தமது வேலை முடிந்ததென்று அவர்கள் கருதவில்லை. சமுதாயத்தின்பால் அக்கறை என்பது இன்று உலகக் கூட்டுறவு இயக்கம் ஏற்றுக்கொண்ட கோட்பாடுகளுள் ஒன்று.

ஆகவே நமது யோசனை இது. ஒவ்வோர் ஊரிலும் விவசாயக் கடன் சங்கமும், நெசவாளர் சங்கமும், பால் சங்கமும் சேர்ந்து, ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரோடு கலந்து, மாணவரைக் கொண்டே ஒரு நாய்ப் பதிவேடு எழுதச் செய்யலாம். வீட்டுக்காரர் பெயர், நாயின் பெயர், ஆணா பெண்ணா, கடைசியாக ஊசி போட்ட நாள், அடுத்த தவணை, ஈன்ற குட்டிகள் எத்தனை, அவை எங்கே சென்றன என்னும் ஏழு பத்திகள் இருந்தால் போதும். செப்டம்பர் 28 ஆம் நாள் உலக வெறிநோய்த் தடுப்பு நாள். பாஸ்டர் மறைந்த நாளும் அதுவே. அந் நாளை ஒட்டிச் சங்கக் கட்டடத்தின் முன்னேயே தடுப்பூசி முகாம் நடத்துமாறு கால்நடைத் துறையாரை வேண்டலாம். ஊர் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாமல் ஊசி போட்டுவிட்டால் நோயின் சங்கிலி அறும் என்பது அறிஞர் முடிபு. நாயால் பரவும் இந் நோய்க்கு 2030 ஆம் ஆண்டுக்குள் முடிவு கட்டவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனமும் நமது நாடும் மேற்கொண்ட குறிக்கோள். அந்த இலக்கு டெல்லியில் நிறைவேறுவதன்று; நம் தெருவில் நிறைவேறவேண்டியது.

பதிவேட்டில் தன் பெயருக்கு நேரே ஒரு நாயின் பெயர் எழுதப்பட்டுவிட்டால், அது சோறு மட்டும் தின்னும் நாய் என்று எவரும் சொல்ல முடியாது. கடன் வாங்கியவரின் கையொப்பத்திற்கு என்ன வலிமையோ, அதே வலிமை இதற்கும் உண்டு. அந்தக் கையொப்பத்தைக் கேட்டு வருபவன் அதிகாரியாயிருந்தால் பெரியவர் ஏதேனும் சாக்குச் சொல்லுவார். தன் பேத்தி எழுதுகோலும் கையுமாக வந்து நின்றால் சொல்ல மாட்டார்.

முதலிற் கூறிய ஊருக்குச் சென்ற வாரம் மீண்டும் சென்றோம். மணி ஐந்து குட்டிகள் ஈன்றிருந்தது; அவற்றில் நான்கு பெண். பெரியவர் நம்மைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேத்தியோ ஐந்துக்கும் பெயர் வைத்திருந்தாள். ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டினாள். சாக்கு மூட்டையா, பதிவேடா என்று அந்த வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. அதற்கு ஏறத்தாழ ஒரு மாத அவகாசம் இருக்கிறது. அதற்குள் அந்த ஊர்ச் சங்கமும் பள்ளியும் கூடிப் பேசும் என்று எதிர்பார்க்கிறோம். உங்கள் ஊரிலும் ஏதேனுமொரு திண்ணையடியில் இதே வினா காத்திருக்கும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருட்பட்டியலில் இதற்கும் ஓர் இடம் கொடுங்கள்.